ஒரு 'ல'வும் நாலு ஆங்கிலச் சொல்லும்: திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி ஆங்கிலம் பழக ஒரு வழிகாட்டி

'எப்படி வந்தீங்க?' என்று கேட்டால் நம் ஊரில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: 'பஸ்லதான் வந்தேன்.' எங்கே இருக்கீங்க என்று போனில் கேட்டால், 'பஸ்ல இருக்கேன்.' எங்கே நிக்கீங்க என்றால், 'ஸ்டாப்புல நிக்கேன்.' மூன்றிலும் ஒரே 'ல'. தமிழில் இது எவ்வளவு சுலபமோ, ஆங்கிலத்துக்குப் போகும்போது அவ்வளவு சிக்கல். அந்த ஒற்றை 'ல'வுக்கு அங்கே பை, ஆன், இன், அட் என்று நாலு சொல் இருக்கிறது. எதை எடுப்பது என்ற அரை நொடித் தயக்கத்திலேயே நம் பிள்ளைகள் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

பாளையங்கோட்டையில் மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பலர் அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ஆலங்குளம் பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் கல்லூரிப் பிள்ளைகள். இலக்கணப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறப்பதற்குப் பதிலாக, அவர்கள் தினமும் உட்கார்ந்து வருகிற பஸ்ஸிலிருந்தே பாடத்தைத் தொடங்குவேன். அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். படிப்பு முடித்து முதல் நேர்காணலுக்குச் சென்னை போனபோது, உட்கார்ந்ததும் 'இங்கே எப்படி வந்தீர்கள்?' என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். 'ஐ காட் டவுன் இன் த ஸ்டாப் அண்ட் கேம் பை வாக்' என்றேன். எதிரே இருந்தவர் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. 'நடந்து வந்தீர்களா?' என்று மட்டும் திருப்பிக் கேட்டார். ஆனால் தப்பாகப் பேசிவிட்டோம் என்று தெரிந்ததும் எனக்கு வாய் கட்டிப்போனது. அதற்குப் பிறகு கேட்டதற்கெல்லாம் பதில் தெரிந்தும் பேச்சு வரவில்லை. பஸ்ஸைப் பற்றிய நாலு வாக்கியம் கையில் இருந்திருந்தால் அந்த நாள் வேறு மாதிரி போயிருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டக்டர் அண்ணாச்சியிடம் ஆங்கிலம் பேசச் சொல்லி இதை எழுதவில்லை. அங்கே 'அண்ணாச்சி, அம்பைக்கு ஒண்ணு' என்பதுதான் சரியான மொழி. ஆங்கிலம் தேவைப்படும் இடங்கள் வேறு: நேர்காணல், வெளியூர் மேலதிகாரியிடமிருந்து வரும் போன், பெங்களூரில் புதிதாகச் சேர்ந்த வேலை, புதிய பேருந்து நிலையத்தில் 'கிருஷ்ணாபுரம் பஸ் எது?' என்று கேட்டு நிற்கும் வெளிநாட்டுப் பயணி. இந்த இடங்களுக்காகத்தான் இந்தப் படிகள்.

முதல் படி: 'ல'வைப் பிரித்துப் பாருங்கள்

இதற்கு மட்டும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டாலும் தகும். மற்றப் படிகள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன.

எதில் பயணம் செய்தீர்கள் என்ற வகையை மட்டும் சொல்லும்போது 'பை'. 'ஐ கேம் பை பஸ்.' இங்கே பஸ்ஸுக்கு முன்னால் எந்தச் சொல்லும் வரக்கூடாது. 'பை த பஸ்' இல்லை, 'பை எ பஸ்' இல்லை, 'பை மை பஸ்' இல்லை. ரயில், கார், ஆட்டோ எதுவானாலும் இப்படித்தான். நடைக்கு மட்டும் வழி வேறு. 'பை வாக்' என்று ஆங்கிலத்தில் கிடையாது. 'ஐ வாக்ட்' என்றால் போதும், அல்லது 'ஐ கேம் ஆன் ஃபுட்'. நான் நேர்காணலில் விட்ட பிழை இதுதான்.

எந்த பஸ் என்று குறிப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்ததும் 'பை' விலகிக்கொள்ளும், 'ஆன்' வந்துவிடும். 'ஆறு மணி பஸ்ல வந்தேன்' என்பது 'ஐ கேம் ஆன் த சிக்ஸ் ஓ கிளாக் பஸ்'. 'அண்ணன் பைக்ல வந்தேன்' என்பது 'ஐ கேம் ஆன் மை பிரதர்ஸ் பைக்'. இந்த இடத்தில் 'பை மை பிரதர்ஸ் பைக்' என்று சொல்லாத மாணவரை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

வண்டிக்குள் இருக்கும்போது இரண்டு வழி. பஸ்ஸில் இருந்தால் 'ஐ ஆம் ஆன் த பஸ்'. ஆட்டோவில் இருந்தால் 'ஐ ஆம் இன் அன் ஆட்டோ'. ஏன் இந்த வித்தியாசம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன்: உள்ளே எழுந்து நின்று நாலு எட்டு நடக்க முடிந்தால் 'ஆன்'. பஸ், ரயில், கப்பல், விமானம் எல்லாம் அந்த வகை. குனிந்து நுழைந்து உட்கார்ந்த இடத்திலேயே இருக்க வேண்டியிருந்தால் 'இன்'. கார், ஆட்டோ, டாக்சி அந்த வகை. சைக்கிளும் பைக்கும் மேலே ஏறி உட்காருகிறவை, அதனால் அவற்றுக்கும் 'ஆன்'. 'இன் த பஸ்' என்றால் யாரும் தப்பாகப் புரிந்துகொள்ளப் போவதில்லை. ஆனாலும் பயணத்தைப் பற்றிப் பேசும்போது 'ஆன்' என்பதுதான் இயல்பான பேச்சு.

நிற்கிற இடத்துக்கு 'அட்'. 'ஐ ஆம் அட் த பஸ் ஸ்டாப்.' 'ஐ ஆம் அட் த நியூ பஸ் ஸ்டாண்ட்.' வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துக் காட்டுவது போல நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிக்கு 'அட்'.

இப்போது ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். வண்ணாரப்பேட்டை ஸ்டாப்புல நிக்கேன்: அட். பாபநாசம் பஸ்ல இருக்கேன்: ஆன். அங்கேயிருந்து ஆட்டோல இருக்கேன்: இன். பஸ்லதான் வந்தேன்: பை. இந்த நாலையும் தயங்காமல் சொல்ல முடிந்தால் பெரிய மலையைத் தாண்டிவிட்டீர்கள்.

இரண்டாம் படி: ஏறுவது, இறங்குவது

முதல் படி பிடிபட்டிருந்தால் இது தானாக வரும். எதற்கு 'ஆன்' சொன்னோமோ அதில் 'கெட் ஆன்' செய்து ஏறுகிறோம், 'கெட் ஆஃப்' செய்து இறங்குகிறோம். எதற்கு 'இன்' சொன்னோமோ அதில் 'கெட் இன்', 'கெட் அவுட்'. பஸ்ஸில் ஏறினேன்: 'ஐ காட் ஆன் த பஸ்.' முருகன்குறிச்சியில் இறங்கினேன்: 'ஐ காட் ஆஃப் அட் முருகன்குறிச்சி.' ஆட்டோவை விட்டு இறங்கினேன்: 'ஐ காட் அவுட் ஆஃப் த ஆட்டோ.'

நாம் பழகிய 'கெட் டவுன்' என்ன ஆயிற்று? இந்தியாவுக்குள் அது எல்லாருக்கும் புரியும். அதைப் பெரிய குற்றமாக நான் நினைக்கவில்லை. ஆனால் வெளிநாட்டுக்காரர் காதில் அது 'கீழே குனி, படுத்துக்கொள்' என்பது போல விழும். ஆபத்து வந்தால் கத்துகிற சொல் அது. ஒரு பயணியிடம் 'கெட் டவுன் அட் த நெக்ஸ்ட் ஸ்டாப்' என்றால் சட்டென்று புரியாமல் முழிப்பார். 'கெட் ஆஃப்' எல்லா நாட்டிலும் செல்லும் காசு. அதையே பழகிக்கொள்ளுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னும் சில. 'பஸ்ஸை விட்டுட்டேன்' என்பதை அப்படியே 'ஐ லெஃப்ட் த பஸ்' என்று மாற்றினால், பஸ்ஸை விட்டு இறங்கிப் போனேன் என்று அர்த்தமாகிவிடும். 'ஐ மிஸ்ட் த பஸ்' என்பதே சரி. 'என்னை பஸ் ஸ்டாண்டுல விட்டுரு' என்பதற்கும் 'லீவ் மீ' என்று தொடங்க வேண்டாம். 'குட் யூ டிராப் மீ அட் த பஸ் ஸ்டாண்ட்?' என்று கேளுங்கள். 'அண்ணன் பஸ் ஏத்திவிட்டான்' என்பதற்கு ஆங்கிலத்தில் அச்சாக ஒரு வாக்கியம் இருக்கிறது: 'மை பிரதர் புட் மீ ஆன் த பஸ்.'

மூன்றாம் படி: 'போகும்' என்பதற்கு 'வில்' வேண்டாம்

தமிழ் இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர்களே இந்த இடத்தில் இடறுகிறார்கள். 'இந்த பஸ் தென்காசி போகும்' என்கிறோம். பள்ளிக்கூடத்தில் 'போகும்' எதிர்காலம் என்று படித்திருக்கிறோம். அதனால் கை தானாக 'வில்'லைத் தேடுகிறது: 'திஸ் பஸ் வில் கோ டு தென்காசி.' ஆனால் நாம் அந்த வாக்கியத்தில் எதிர்காலத்தைப் பற்றியா பேசினோம்? இல்லை. அந்த பஸ்ஸின் தினசரி வழக்கத்தைச் சொன்னோம். தமிழில் வழக்கத்துக்கும் எதிர்காலத்துக்கும் ஒரே உருவம். ஆங்கிலத்தில் வழக்கத்துக்கு நிகழ்காலம்தான்: 'திஸ் பஸ் கோஸ் டு தென்காசி.'

கேள்வியும் அப்படியே. 'இந்த பஸ் கிருஷ்ணாபுரம் போகுமா?' என்பது 'டஸ் திஸ் பஸ் கோ டு கிருஷ்ணாபுரம்?' 'டஸ்' வந்துவிட்டால் பின்னால் வரும் 'கோஸ்' தன் வாலை விட்டுவிட்டு வெறும் 'கோ' ஆகிவிடும். வால் ஒன்றுதான், அதை 'டஸ்' வாங்கிக்கொண்டது என்று வகுப்பில் சொல்வேன். 'நிக்குமா?' என்றால் 'டஸ் இட் ஸ்டாப் அட் கிருஷ்ணாபுரம்?' திருச்செந்தூர் பஸ் பெரும்பாலும் அந்தச் சாலையில்தான் போகிறது, ஆனால் பாயிண்ட் டு பாயிண்ட் வண்டி வழியில் நிற்காது. கோயில் சிற்பங்களைப் பார்க்க வந்தவரை அதில் ஏற்றிவிட்டால் பாவம், திருச்செந்தூரில்தான் இறங்குவார். 'திஸ் ஒன் டஸன்ட் ஸ்டாப் தேர். டேக் த நெக்ஸ்ட் ஒன்' என்று சொன்னால் பெரிய உதவி.

கால அட்டவணைக்கும் இதே நிகழ்காலம். இன்றைக்கு ராத்திரி கடைசி பஸ் பத்து மணிக்கு என்றால் 'த லாஸ்ட் பஸ் லீவ்ஸ் அட் டென்'. 'பஸ் எப்ப வரும்?' என்று கேட்க வினைச்சொல்லைத் தேடி அலையவே வேண்டாம்: 'வென் இஸ் த நெக்ஸ்ட் பஸ் டு பாபநாசம்?'

அப்படியானால் 'வில்' எங்கே வரும்? நாம் தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிற இடத்தில்! 'அடுத்த பஸ்ல வாரேன்' என்று அம்மாவிடம் சொல்கிறோம் அல்லவா, அங்கேதான் 'ஐ வில் கம் ஆன் த நெக்ஸ்ட் பஸ்'. 'போகும்' என்பதற்கு 'வில்' இல்லை, 'வாரேன்' என்பதற்கு 'வில்' உண்டு. இதை ஒரு தாளில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்கிற 'போயிட்டு வாரேன்' மட்டும் இதற்கு விலக்கு. 'போறேன்' என்று சொல்லக்கூடாது என்பது நம் வீடுகளின் வழக்கம். ஆங்கிலத்தில் அதற்கு நேர்ச்சொல் கிடையாது. 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று மாற்றாமல் 'சீ யூ' என்று கிளம்பிவிடுங்கள்.

மரியாதையாகக் கேட்கும்போது இன்னொரு மாற்றம் நடக்கும். 'வேர் டஸ் திஸ் பஸ் ஸ்டாப்?' என்பது நேர்க்கேள்வி. முன்னால் 'குட் யூ டெல் மீ' சேர்த்துவிட்டால் 'டஸ்' போய்விடும், வால் திரும்பி வரும்: 'குட் யூ டெல் மீ வேர் திஸ் பஸ் ஸ்டாப்ஸ்?' ஆங்கிலம் ஓரளவு பேசுகிறவர்களும் இங்கே தவறுவார்கள், அதனால் பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

நான்காம் படி: காத்துக்கிடப்பது

'அரை மணி நேரமா நிக்கேன், ஒரு பஸ் வரலை.' நம் ஊரில் ஒரு தடவையாவது இதைச் சொல்லாதவர் கிடையாது. தமிழில் 'நிக்கேன்' நிகழ்காலம். ஆங்கிலத்தில் எப்போதோ தொடங்கி இப்போதும் தொடர்கிற செயலுக்கு மூன்று சொல் சேர்ந்த உருவம் வேண்டும்: 'ஐ ஹேவ் பீன் வெய்ட்டிங் ஃபார் ஹாஃப் அன் அவர்.' 'ஐ ஆம் வெய்ட்டிங் சின்ஸ் ஹாஃப் அன் அவர்' என்பதில் இரண்டு பிழை. எவ்வளவு நேரம் என்ற நீளத்துக்கு 'ஃபார்', எப்போதிலிருந்து என்ற தொடக்கத்துக்கு 'சின்ஸ்'. அரை மணி நேரமா: ஃபார். ஆறு மணியில இருந்து: 'ஐ ஹேவ் பீன் வெய்ட்டிங் சின்ஸ் சிக்ஸ்.'

பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்பதை 'ஒன் பஸ் ஃபார் டென் மினிட்ஸ்' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 'எவரி' என்ற சொல் இதற்காகவே இருக்கிறது: 'தேர் இஸ் எ பஸ் எவரி டென் மினிட்ஸ்.'

ஐந்தாம் படி: இடமும் டிக்கெட்டும்

ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதை ஆங்கிலத்தில் 'கேட்ச் எ சீட்' என்று சொல்ல மாட்டார்கள். பிறருக்காக இடத்தைக் காத்து வைப்பது 'சேவ் எ சீட்'. 'எனக்கும் ஒரு இடம் போட்டு வை' என்பது 'குட் யூ சேவ் மீ எ சீட்?' காலி போலத் தெரிகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று 'ஆள் இருக்கா?' என்கிறோம். அது 'இஸ் எனிஒன் சிட்டிங் ஹியர்?' அல்லது 'இஸ் திஸ் சீட் டேக்கன்?' இங்கே கவனம் வேண்டும். 'நோ' என்று பதில் வந்தால் உட்காரலாம் என்று பொருள். முகத்தைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

'பஸ் ஒரே ரஷ்' என்பதை 'த பஸ் வாஸ் ரஷ்' என்று எழுதாதீர்கள். 'த பஸ் வாஸ் கிரவுடட்', மூச்சு முட்டும் கூட்டமென்றால் 'பேக்ட்'. 'நின்னுக்கிட்டே வந்தேன்' என்பதற்கு 'ஐ ஹேட் டு ஸ்டாண்ட் ஆல் த வே' என்ற வாக்கியம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவ்வளவு தூரமும் நின்றே வந்த அலுப்பு அதில் முழுசாக இறங்கிவிடுகிறது.

பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசு 'ஃபேர்'. பள்ளிக்கும் டாக்டருக்கும் கொடுப்பது 'ஃபீஸ்', வீட்டுக்குக் கொடுப்பது 'ரென்ட்'. ஆட்டோவுக்கும் 'ஃபேர்' என்றே சொல்ல வேண்டும், 'ஆட்டோ ரென்ட்' இல்லை. 'வாட் இஸ் த ஃபேர் டு அம்பாசமுத்திரம்?' அல்லது இன்னும் எளிதாக 'ஹௌ மச் இஸ் இட் டு அம்பாசமுத்திரம்?'

சில்லறை, பாக்கி இரண்டுக்கும் 'சேஞ்ச்' ஒன்றுதான். நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து, கண்டக்டர் டிக்கெட்டின் பின்புறம் பாக்கியைக் கிறுக்கிக் கொடுத்து, இறங்கும் இடம் வரைக்கும் அந்தத் துண்டுச் சீட்டை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு வருவோமே, அந்தப் பாக்கியை 'பேலன்ஸ்' என்பது நம் ஊர் வழக்கம். வெளியில் 'யூ ஹேவன்ட் கிவன் மீ மை சேஞ்ச்' என்றால்தான் உடனே புரியும். நூறு ரூபாய்த் தாள் என்பது 'எ ஹண்ட்ரட் ருப்பீ நோட்'. 'ருப்பீஸ்' இல்லை. தாளுக்கு அடைமொழியாகிவிட்டால் ரூபாய் ஒருமையாகிவிடும். பத்து நிமிஷ நடை என்பதும் இதே கணக்கில் 'எ டென் மினிட் வாக்'.

பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதத்திலிருந்து இருக்கிறது. வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் நம் பெண்களிடம் இதைப் பற்றி அடிக்கடி விசாரிக்கிறார்கள். அப்போது 'விமன் கேன் ட்ராவல் ஃப்ரீலி' என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்குத் தடையில்லாமல், யாருக்கும் பயப்படாமல் போகலாம் என்று பொருள். அதுவும் நல்ல விஷயம்தான், ஆனால் சொல்ல வந்தது அது இல்லை. காசு இல்லாமல் என்பதற்கு 'லி' சேர்க்காத 'ஃப்ரீ' வேண்டும்: 'விமன் ட்ராவல் ஃப்ரீ ஆன் டவுன் பஸஸ்.'

ஆறாம் படி: ஊர்ப் பெயர்களை விரித்துச் சொல்லுங்கள்

இது எந்த இலக்கணப் புத்தகத்திலும் வராது, ஆனால் நெல்லைக்காரர்களுக்குக் கட்டாயம் தேவை. நமக்கு 'டவுண்' என்றால் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய பகுதி. 'ஐ ஆம் கோயிங் டு டவுண்' என்று வெளியூர்க்காரரிடம் சொன்னால், ஏதோ கிராமத்திலிருந்து பக்கத்து நகரத்துக்குப் போகிறார் என்று நினைத்துக்கொள்வார். 'திருநெல்வேலி டவுண்' என்று முழுதாகச் சொல்லுங்கள். 'ஜங்ஷன்' என்றால் அவருக்கு ஏதோ ஒரு நாலுமுக்கு ரோடு. 'நியர் த திருநெல்வேலி ரயில்வே ஜங்ஷன்' என்றால் தெளிவு. பாளை என்பதைப் பாளையங்கோட்டை என்றும், அம்பை என்பதை அம்பாசமுத்திரம் என்றும், வி.கே.புரம் என்பதை விக்கிரமசிங்கபுரம் என்றும் விரித்துச் சொன்னால்தான் அவர் போனில் தேடிப் பார்க்க முடியும்.

'ஸ்டாண்ட்', 'ஸ்டாப்' இரண்டையும் கலக்க வேண்டாம். பஸ்கள் வந்து தங்கிக் கிளம்பும் பெரிய இடம் ஸ்டாண்ட். வெளிநாட்டில் அதை 'பஸ் ஸ்டேஷன்' என்பார்கள். சாலையோரம் நின்று ஏறுகிற இடம் ஸ்டாப். பஸ் முகப்பில் 'வழி: சேரன்மகாதேவி' என்று போட்டிருப்பதற்கு ஆங்கிலத்தில் 'வயா'. அதுவும் வழி என்று பொருள்படும் லத்தீன் சொல்தான். 'பஸ்'ஸும் லத்தீனிலிருந்து வந்ததே. எல்லாருக்கும் என்ற பொருள் கொண்ட 'ஆம்னிபஸ்' என்ற சொல்லின் வால் அது. நாம் இரவில் சென்னைக்கு ஏறுகிற 'ஆம்னி பஸ்' அந்தப் பழைய முழுச்சொல்லை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலும் அந்தச் சொல் இருக்கிறது: ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும்படி அமைந்த மோட்டார் வாகனம் ஆம்னிபஸ். இப்படிப்பட்ட தனியார் வண்டியில் வந்ததை 'ஐ கேம் இன் டிராவல்ஸ்' என்று சொல்லாதீர்கள். 'ஐ கேம் ஆன் எ பிரைவேட் பஸ்.' பயணம் எப்படி இருந்தது என்று கேட்டாலும் 'மை டிராவல் வாஸ் குட்' வேண்டாம், 'த ஜர்னி வாஸ் ஃபைன்'.

ஏழாம் படி: எவ்வளவு நேரம்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சுமார் 60 கிலோமீட்டர். 'ஒன்றரை மணி நேரம் ஆகும்' என்று சொல்ல இங்கேயும் 'வில்' தேவையில்லை: 'இட் டேக்ஸ் அன் அவர் அண்ட் எ ஹாஃப்.' இரண்டரை என்றால் 'டூ அண்ட் எ ஹாஃப் அவர்ஸ்'. நடுவில் வரும் அந்தச் சின்ன 'எ'வைத்தான் எல்லாரும் விழுங்கிவிடுகிறோம். கேள்வி: 'ஹௌ லாங் டஸ் இட் டேக்?'

எட்டாம் படி: தாமதத்தைச் சொல்வது

வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு மிகவும் உதவுகிற படி இது. வீரவநல்லூர் பக்கத்தில் பஸ் நின்றுவிட்டது. மேலதிகாரிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். 'டியூ டு பஸ் ரிப்பேர் ஐ வில் லேட்' என்று அனுப்பினால் விஷயம் போய்ச் சேரும், மரியாதை போய்ச் சேராது. பஸ் பழுதாகி நின்றதற்கு 'பிரேக் டவுன்': 'மை பஸ் ஹேஸ் புரோக்கன் டவுன் நியர் வீரவநல்லூர்.' 'லேட்' வினைச்சொல் இல்லை, அதற்கு முன்னால் 'பி' வேண்டும்: 'ஐ வில் பி அபவுட் ஹாஃப் அன் அவர் லேட்.' இந்த இரண்டு வாக்கியமும், முன்னால் ஒரு 'சாரி'யும் போதும். நீளமான விளக்கம் எழுத வேண்டாம். எங்கே நிற்கிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகும், இந்த இரண்டைத்தான் அவர் தெரிந்துகொள்ள விரும்புவார்.

பழக்கம்

இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்வதைவிட பஸ்ஸிலேயே பழகுங்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது பாபநாசம் பஸ். ஜன்னலோரம் உட்காருங்கள், 'எ விண்டோ சீட்', 'சைடு சீட்' இல்லை. ஒவ்வொரு ஊர் வரும்போதும் மனசுக்குள் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பேட்டை தாண்டும்போது 'வி ஹேவ் ஜஸ்ட் பாஸ்ட் பேட்டை.' இப்போதுதான் தாண்டினோம் என்பதற்கு 'ஹேவ் ஜஸ்ட்'. பத்தமடையில் பாய்க்கட்டோடு ஒருவர் ஏறுகிறார்: 'எ மேன் இஸ் கெட்டிங் ஆன்.' கண்ணுக்கு முன்னால் நடக்கிறது, அதனால் 'இஸ் கெட்டிங்'. சேரன்மகாதேவியில் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள்: 'ஹாஃப் த பாசஞ்சர்ஸ் காட் ஆஃப் அட் சேரன்மகாதேவி.' நடந்து முடிந்தது, இடமும் சொல்லியாயிற்று, அதனால் 'காட்'. கல்லிடைக்குறிச்சி வரும்போது பக்கத்தில் இருக்கும் அக்காவிடம் தமிழிலேயே கேளுங்கள், 'அக்கா, நீங்க எங்க இறங்கணும்?' என்று. அவர்கள் 'அம்பையில' என்றதும் மனசுக்குள் மாற்றுங்கள்: 'ஷி இஸ் கெட்டிங் ஆஃப் அட் அம்பாசமுத்திரம்.' முன்கூட்டியே முடிவான காரியத்துக்கு ஆங்கிலம் இந்த 'இஸ் கெட்டிங்'கை எதிர்காலத்துக்கும் பயன்படுத்திக்கொள்கிறது. முதல் நாள் நாலு வாக்கியம்தான் வரும். கவலைப்படாதீர்கள். என் வகுப்பில் ஒரு பெண் முதல் வாரம் பேட்டை வாக்கியம் ஒன்றோடுதான் வந்தாள். மூன்றாவது வாரம் அம்பாசமுத்திரம் வரைக்கும் ஒரு ஊரையும் விடாமல் சொன்னாள், சொல்லும்போது விரல் மட்டும் மடியில் ஸ்டாப்புகளை எண்ணிக்கொண்டே வந்தது.

விக்கிரமசிங்கபுரம் தாண்டி மலை பக்கத்தில் வந்துவிட்டால், வீட்டுக்குச் சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தயார் செய்யுங்கள். 'போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுறேன்' என்பது 'ஐ வில் கால் யூ வென் ஐ ரீச் பாபநாசம்.' 'வில்' ஒரு தடவைதான், 'வென்' பக்கத்தில் அது வராது. 'ரீச்'சுக்குப் பின்னால் 'டு' கிடையாது, ஊர்ப் பெயர் நேராக வந்து ஒட்டிக்கொள்ளும். பஸ் நின்று, படியில் இறங்கி, ஆற்றுச் சத்தம் காதில் விழுந்த பிறகு: 'ஐ ஹேவ் ரீச்ட் பாபநாசம்.'